முதுகோடு முதுகு

அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டில் பேசாமல் இருப்பது உலகத்துக்குப் புதுச்செய்தி இல்லை. ஆனால் பேசாமல் இருந்துகொண்டே தினமும் ஒரே படகில் ஏறி, ஒரே கடலில் இறங்கி, ஒருத்தி முதுகில் ஒருத்தி முதுகை ஒட்டிக்கொண்டு வேலை செய்கிற அண்ணியும் நாத்தனாரும் அந்த மீன் பண்ணையில் மட்டும்தான் இருந்தார்கள். கரையில் கீரியும் பாம்பும். தண்ணீருக்குள் ஒட்டிப் பிறந்த இரட்டை.

வேலை அப்படிப்பட்டது. கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில் வட்ட வட்டமாக வலைக்கூண்டுகள் மிதக்கும். ஒவ்வொன்றிலும் நாலு வீட்டை உள்ளே இறக்கி வைக்கலாம். உள்ளே வளர்ப்பு மீன்கள். செத்த மீன் அடிவலையில் தங்கும், அதன் வாடைக்கு அழையா விருந்தாளிகளாகச் சுறாக்கள் வரும், வலையை ஒரு கடி கடித்துப் பார்த்துவிட்டுப் போகும். அந்தக் கிழிசலை வெளியே நின்று தைக்க வேண்டும். படகில் ஒரு கம்ப்ரெசர் ஓடும். அதிலிருந்து இரண்டு நீளக் குழாய்கள் காற்றைக் கொண்டுவரும். முதுகில் சிலிண்டர் கிடையாது.

தைப்பவள் வலையைப் பார்த்து நிற்பாள். காவலுக்கு இருப்பவள் அவள் முதுகில் தன் முதுகை வைத்துக் கடலைப் பார்த்து நிற்பாள். தைப்பவள் திரும்பக் கூடாது. திரும்பினால் கை உதறும், கால் அடிக்கும், அடிபட்ட மீன் துடிக்கிறது என்று சுறா நினைத்துக்கொள்ளும். அதனால் பேச்செல்லாம் முழங்கையால்தான். ஒரு இடி இடித்தால், 'சுறா தெரியுது, நீ அசையாம வேலையைப் பாரு' என்று அர்த்தம். இரண்டு இடித்தால், 'மேலே போவோம்'. இரண்டுக்குப் பதிலாக இரண்டு வராமல் யாரும் ஏறக் கூடாது. பண்ணையில் கடவுளை நம்பாதவர்கள் இருந்தார்கள். முதுகை நம்பாதவர்கள் கிடையாது.

நாத்தனாரை வீட்டில் சின்னவள் என்பார்கள். அவளுடைய அண்ணன்தான் போன வருஷம் வரை அண்ணிக்குக் காவல் முதுகு. நல்ல அகலமான ஆள். "அண்ணன் வாசல்ல நின்னா வீட்டுக்குக் கதவே வேணாம்" என்று சின்னவளே கிண்டல் செய்வாள். மழை பெய்து கலங்கிக் கிடந்த ஒரு நாள் அவரைச் சுறா கொண்டுபோய்விட்டது. படகில் கம்ப்ரெசரைப் பார்த்துக்கொள்ளும் காற்றுக்காரர் இழுத்த குழாயில் முனை மட்டும் வந்தது. அதற்கும் கொஞ்ச நேரம் கழித்து அண்ணி சாவகாசமாக ஏறி வந்தாள். ஊசி, நைலான் நூல் எல்லாம் கையில். கிழிசலை முழுதாகத் தைத்து முடித்துவிட்டு வந்திருந்தாள்.

விசாரித்தவர்களிடம் அவள் சொன்னது ஒரே வாக்கியம். "கடைசி வரைக்கும் அவர் முதுகு என் முதுகுலயே இருந்துச்சு."

யார் நம்புவார்கள்? "புருஷனைச் சுறா இழுத்துட்டுப் போகுதாம், பொண்டாட்டி வலை தைச்சாளாம்" என்று ஊர் அவள் முதுகுக்குப் பின்னால் பேசியது. சின்னவளின் அம்மா முகத்துக்கு நேராகவே பேசினாள். பார்த்திருக்கிறாள், பயந்து எங்கேயோ ஒளிந்திருக்கிறாள், பிறகு கதை கட்டியிருக்கிறாள் என்பது அம்மாவின் தீர்ப்பு. சின்னவளின் தீர்ப்பும் அதுதான்.

"நீ அவகூடக் காவலுக்குப் போ" என்றாள் அம்மா. "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவ பயந்து ஓடறதை உன் கண்ணால பாத்துட்டு வந்து சொல்லு. அன்னிக்கே பெட்டியைத் தூக்கி வெளியில வெச்சுடறேன்."

அண்ணிக்குப் பிறந்த வீடு என்று ஒன்று மிச்சமில்லை. பெட்டி வெளியே போனால் அவள் போக இடம் கிடையாது. அது சின்னவளுக்கும் தெரியும். தெரிந்துதான் போனாள். அண்ணன் போன கோபத்தை யார் தலையிலாவது இறக்கி வைக்காமல் அவளால் சோறு தின்ன முடியவில்லை.

தினமும் சாயங்காலம் அம்மா கேட்பாள்: "திரும்பினாளா?"

"இல்ல."

பொய்யாகவும் இடித்துப் பார்த்தாள் சின்னவள். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு நெத்திலிகூட இல்லாதபோது ஒரு இடி. அண்ணியின் முதுகு இறுகக்கூட இல்லை. ஊசி போய்வருகிற அதிர்வு அதே தாளத்தில் வந்துகொண்டிருந்தது. என்ன நெஞ்சழுத்தம் என்று சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

இன்னொன்றும் இருந்தது. அதை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. சில நாள், வேலை நீண்டு கண் அசந்து வருகிற நேரத்தில், அண்ணியின் முதுகு அகலமாக இருப்பதுபோலத் தோன்றும். தன் தோள் முடிந்த பிறகும் அந்தப் பக்கம் தோள் போய்க்கொண்டே இருக்கும். ரப்பர் உடை உப்பியிருக்கும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொள்வாள். ஆனால் படகேறிய பிறகு அண்ணியின் தோளை ஓரக்கண்ணால் அளந்து பார்ப்பாள்.

அண்ணன் இறந்த அதே மழைக்காலம் மறுபடி வந்தது.

இரண்டு நாள் விடாமல் பெய்த மழையில் ஆற்றுத் தண்ணீர் கலந்து கடல் டீ நிறத்தில் கிடந்தது. கலங்கிய தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது குழந்தைக்கும் தெரியும். நமக்குச் சுறா தெரியாது. அதற்கும் நாம் என்ன என்று தெரியாது. அண்ணன் அடிக்கடி சொல்வார்: "மனுஷன் அதுக்குச் சாப்பாடு இல்ல, சந்தேகம். நமக்குச் சந்தேகம் வந்தா கையால தொட்டுப் பாக்கறோம். அதுக்குக் கை இல்லையே, பாவம். வாய்தான் கை."

ஆனால் மூன்றாம் கூண்டில் பெரிய ஓட்டை, மீன் கூட்டமாகக் கூட்டமாக வெளியே போகிறது என்று மேலாளர் போனில் கத்தினார். அவருக்கென்ன, குடை பிடித்துக்கொண்டு கத்துவார். காற்றுக்காரர் கம்ப்ரெசர் மேல் கையை வைத்துக்கொண்டு மாட்டேன் என்று தலையாட்டினார்.

"இந்தத் தண்ணில நான் யாரையும் இறக்க மாட்டேன்மா. போன வருஷம் பட்டதே ஏழு ஜென்மத்துக்குப் போதும்."

அண்ணி மோதிரத்தைக் கழற்றி அவருடைய டப்பாவில் போட்டாள். மினுங்குகிற எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது, மீன் செதில் என்று நினைத்துக் கடிக்கும். முகக் கண்ணாடியைக் கழுவினாள். "ஓட்டையை அப்படியே விட்டா மீன் வெளிய வரும், அது பின்னாடி இதுங்க வரும். நாளைக்கு இறங்கறவங்களுக்கு இன்னும் மோசம். முடிச்சுட்டு வந்துடலாம்" என்றாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

இன்றைக்குத் தெரிந்துவிடும் என்று சின்னவள் நினைத்தாள். அந்த நினைப்பில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. அதை நினைத்தால் பின்னாளில் அவளுக்கே உடம்பு கூசும்.

கீழே கை நீட்டினால் விரல் தெரிந்தது, விரலுக்கு அப்பால் நாலு முழம் மங்கல், அதற்கும் அப்பால் ஒன்றுமில்லை. அண்ணி வலையைத் தடவிக்கொண்டே போய் ஓட்டையைக் கண்டுபிடித்தாள். சின்னவள் திரும்பி முதுகை ஒட்டினாள். ஊசி ஓடத் தொடங்கியது. கையில் குட்டைக் கம்பு. எதிரே பழுப்பு நிறம்.

முதலில் நிழல்தான் வந்தது. அவசரமே இல்லாமல், கடைத்தெருவில் வேடிக்கை பார்க்கிறவன்போல ஒருமுறை குறுக்கே போனது. ஒரு இடி இடித்தாள். முதுகு அசையவில்லை. ஊசி நிற்கவில்லை. சுறா மறுபடி வந்தது, இந்த முறை கொஞ்சம் கிட்டத்தில். சின்னவள் படித்த பாடத்தை எல்லாம் செய்தாள். அது போகும் பக்கமே முகத்தைத் திருப்பினாள். கையை உதறவில்லை. அதன் கண்ணை விட்டுத் தன் கண்ணை எடுக்கவில்லை. கண்ணைப் பார்த்தால் சுறா யோசிக்கும், முதுகைப் பார்த்தால் யோசிக்காது. இதுவும் அண்ணன் வாக்குத்தான்.

மூன்றாவது முறை அது வந்தபோது அதன் முதுகு வளைந்திருந்தது. பக்கத் துடுப்புகள் இரண்டும் கீழே இறங்கி விறைத்திருந்தன. அது வேடிக்கை இல்லை, கோபம். சின்னவள் கம்பை இறுகப் பிடித்தாள். இரண்டு இடி இடித்தாள்.

உடனே பதில் வந்தது. ஒன்று. இரண்டு. அழுத்தமாக, தெளிவாக.

அவள் மெதுவாக ஏறத் தொடங்கினாள், முகம் சுறாவைப் பார்த்தபடி. முதுகும் கூடவே ஏறியது. ஒரு கணம்கூட விலகவில்லை. அலை அவளைப் பக்கத்தில் தள்ளியபோது அதுதான் தாங்கிப் பிடித்தது. சுறா கீழே பழுப்புக்குள் அமிழ்ந்து போனது. ஏணி காலில் தட்டியது. தலை வெளியே வந்தது.

"நீ மட்டுமா வர்ற?" என்றார் காற்றுக்காரர்.

"பின்னாலதான் இருக்காங்க."

அவர் எட்டிப் பார்த்தார். பேயறைந்தவர்போல முகம் வெளுத்தது. "உன் பின்னால யாரும் இல்லம்மா."

சின்னவள் திரும்பினாள். வெறும் தண்ணீர். அண்ணியின் மஞ்சள் குழாய் இறங்கிய இடத்திலேயே நேராகக் கீழே போய்க்கொண்டிருந்தது. காற்றுக்காரர் அதை இழுத்தார். எங்கேயோ வலையில் சிக்கியிருந்தது போலும், இழுப்பு கீழே போய்ச் சேரவில்லை.

"கடைசி வரைக்கும் என் முதுகுலயே இருந்துச்சு" என்றாள் சின்னவள்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. காற்றுக்காரரும் அவளையே பார்த்தார். போன வருஷம் இதே படகில், இதே வாக்கியத்தைக் கேட்டபோது அவர் இப்படித்தான் பார்த்திருப்பார். ஒரு வருஷமாக அம்மாவும் மகளும் சேர்ந்து ஒருத்தியைச் சுட்டுக்கொண்டிருந்த வாக்கியம். அது இப்போது அவள் வாயிலிருந்தே, அவள் பொய் சொல்லாதபோதே வந்துவிட்டது.

படகில் ஏறி உட்கார்ந்திருக்கலாம். யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். பதில் இடி வந்தது, சட்டப்படி ஏறினாள், அவ்வளவுதான். கால் ஏணியில்தான் இருந்தது, இன்னும் ஒரு படிதான். கீழே அண்ணி தனியாக, திரும்பாமல், தைத்துக்கொண்டிருப்பாள். முதுகு இருக்கிறது என்ற நம்பிக்கையில் தைத்துக்கொண்டிருப்பாள். பயத்தில் அழுதுகொண்டேதான் சின்னவள் வாய்க்குழாயைக் கடித்தாள். காவல் இல்லாமல் யாரும் இறங்குவதில்லை. அவள் இறங்கினாள்.

மஞ்சள் குழாயைப் பிடித்துக்கொண்டே போனாள். அவள் முதுகில் இப்போது யாரும் இல்லை, குளிர்ந்த தண்ணீர்தான். பின்னால் என்ன வந்தாலும் தெரியாது. இந்த ஒரு வருஷத்தில் அவள் அறியாத பயம் அது.

குழாய் வலையின் மடிப்பில் சிக்கியிருந்த இடத்தைத் தாண்டியதும் அண்ணி தெரிந்தாள். சின்னவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அண்ணி சாய்ந்துகொண்டிருந்தாள். நீரோட்டம் பக்கவாட்டில் இழுக்கிற அந்த இடத்தில் ஒரு ஆள் நேராக நிற்பதே கஷ்டம். அவளோ சுவரில் முதுகை வைத்தவள்போலப் பின்னால் சாய்ந்து, காலைத் தளர விட்டு, நிதானமாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் எதுவும் இல்லை. சுறா வந்தது. நேராக அந்த முதுகை நோக்கித்தான் வந்தது. ஒரு கை தூரத்தில், எதிலோ இடித்துக்கொள்ளாமல் விலகுகிற மாதிரி, உடம்பை மடக்கித் திரும்பிப் போனது. மறுபடி வந்தது. மறுபடி அதே இடத்தில் திரும்பியது.

சின்னவள் வலையோரமாக நகர்ந்து, கம்பை முன்னால் நீட்டி, அண்ணிக்குப் பின்னால் நுழைந்து முதுகை ஒட்டினாள். அந்த இடத்தில் தண்ணீர் குளிரவில்லை. யாரோ இப்போதுதான் எழுந்துபோன நாற்காலிபோல வெதுவெதுப்பாக இருந்தது.

சுறா வந்தது. அவள் அதன் கண்ணைப் பார்த்தாள். மிக அருகில் வந்தபோது கம்பின் முனையால் அதன் மூக்கைத் தள்ளினாள், கதவைத் தள்ளுகிற அளவுக்குத்தான். அது தலையைச் சிலுப்பிக்கொண்டு போனது. அதற்கும் சந்தேகம் தீர்ந்திருக்க வேண்டும், பிறகு வரவில்லை. இரண்டு இடி இடித்தாள். இரண்டு பதில் வந்தது. எலும்பும் தோலுமான, கூரான, அண்ணியின் முழங்கை. வருகிற வழியில் சிக்கியிருந்த குழாயை விடுவித்துக்கொண்டு இரண்டு பேரும் ஏறினார்கள்.

படகில் காற்றுக்காரர் அழாத குறை. போர்வையைப் போர்த்தினார், பிளாஸ்கைத் திறந்தார், பாதி டீயைக் கீழே கொட்டினார். அண்ணி கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே அவரிடம், "எதுக்கு இப்படிப் பதர்றீங்க? இவ முதுகு கடைசி வரைக்கும் என் முதுகுலயே இருந்துச்சு" என்றாள்.

பேசாமல் இருந்திருந்தால் நல்ல பேர் கிடைத்திருக்கும். சின்னவளால் முடியவில்லை. ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தை வாயில் வந்தது.

"அண்ணி."

அண்ணி நிமிர்ந்தாள்.

"நான் நடுவுல இல்ல, அண்ணி. ரெண்டு இடிச்சேன், பதில் வந்துச்சு. நீங்கன்னு நெனைச்சு மேல வந்துட்டேன். மறுபடி எறங்கித்தான் வந்தேன். அவ்வளவு நேரமும் உங்க பின்னால நான் இல்ல."

"நான் இடிக்கலையே" என்றாள் அண்ணி. பிறகு டப்பாவிலிருந்து மோதிரத்தை எடுத்து விரலில் போட்டாள். "தெரியும். உன் முதுகுன்னா எலும்பு குத்தும். இது அகலமா இருந்துச்சு."

காற்றுக்காரர் கம்ப்ரெசரை நிறுத்தினார். ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு பேர் முதுகில் எப்படி இருக்க முடியும் என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். அந்தப் படகில் இருந்த மூன்று பேரும் கேட்கவில்லை.

"அன்னிக்கும் இப்படித்தானா?" என்றாள் சின்னவள்.

"அன்னிக்கு எனக்கு என்ன தெரியும்?" அண்ணி மோதிரத்தைத் திருகினாள். "உசிரோட இருந்த முதுகும் அதுக்கப்புறம் இருந்த முதுகும் ஒரே மாதிரி இருந்துச்சுடி. கொஞ்சமாவது வித்தியாசம் காட்டியிருக்கக் கூடாதா அந்த மனுஷன்? ஒரு விரல் விலகியிருந்தாக்கூடத் திரும்பியிருப்பேன். புடிச்சு இழுத்திருப்பேன். விலகவே இல்ல. நான் தைச்சுக்கிட்டே இருந்தேன்."

சின்னவள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அண்ணனுக்காக இதுவரை அவள் அழுததெல்லாம் கோபம், அழுகை இதுதான் என்று அப்போது தெரிந்தது.

சாயங்காலம் வீட்டில் அம்மா கைகழுவிக்கொண்டே வழக்கம்போலக் கேட்டாள். "திரும்பினாளா?"

"இல்லம்மா. நான்தான் ஓடிவந்தேன்" என்றாள் சின்னவள். நடந்ததை முழுவதும் சொன்னாள். அம்மா குழாயை மூடவில்லை, தண்ணீர் கை மேல் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்: "வெதுவெதுன்னா இருந்துச்சு?"

"ஆமாம்மா."

அம்மா குழாயை மூடினாள். யாரையும் பார்க்காமல், அண்ணியின் தட்டை எடுத்து அவளே கழுவி வைத்தாள். ஒரு வருஷமாக அந்தத் தட்டை அவள் தொட்டதில்லை.

கூடத்தின் நடுவில், சுவரை விட்டு விலகி, அண்ணி முக்காலியில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் எப்போதும் அப்படித்தான் உட்காருவாள். வீடு முழுக்கச் சுவர் இருக்க, நட்டநடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறாளே, திமிர் என்று சின்னவள் எத்தனையோ நாள் நினைத்திருக்கிறாள். இன்றைக்குத்தான் பார்த்தாள், அந்த முதுகு கொஞ்சம் பின்னால் சாய்ந்திருந்தது.

சின்னவள் இன்னொரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அண்ணிக்குப் பின்னால் போட்டு, தண்ணீரில் நிற்பதுபோல முதுகை ஒட்டப் போனாள்.

"ஒட்டி உக்காராத" என்றாள் அண்ணி திரும்பாமலே. "நடுவுல ஒரு ஆளுக்கு இடம் விடு."

சின்னவள் முக்காலியை முன்னால் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளும் மெல்லப் பின்னால் சாய்ந்தாள். விழவில்லை.